பண்ணைவீட்டின் இடிபாடு: ஆபிரிக்கான்ஸ் நாடகாசிரியை றீசா டி வெற்றும் அவர்தம் காலமும்

1

ஆபிரிக்கான்ஸ் மொழி இலக்கியத்தை ஆராயப் புகுவோர் எதிர்கொள்ளும் முதலாவது முரண்பாடு அம்மொழியின் தோற்றத்திலேயே அமைந்துள்ளது. 1652 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. ஒல்லாந்தரும் அவர்தம் அடிமைகளும் அந்நிலத்தின் தொல்குடிகளான கொய்கொய் மக்களும் அங்கு ஒருவரோடொருவர் பேசிய பேச்சிலிருந்தே இம்மொழி உருவாயிற்று. அவ்வடிமைகள் இந்தோனேசியத் தீவுகள், வங்கம், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகஸ்கார், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள். இலங்கையின் கரையோரங்களை 1796 வரை ஆண்ட அதே கும்பனியே அவர்களை வாங்கியும் விற்றும் இலாபமீட்டியது. 19ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் தமது சமய நூல்களை இம்மொழியிலேயே, ஆனால் அரபு எழுத்துக்களில் எழுதினர். அக்காலத்துக் கனவான்களோ இதனை ‘அடுக்களை மொழி’ என இகழ்ந்தனர்.

அடிமைகளின் வாயில் வளர்ந்த இப்பேச்சு ஆளும் இனத்தின் மொழியாக மாறியமை ஒரு வர்க்க வரலாறாகும். 1875 இல் பார்ள் நகரில் தொடங்கிய மொழியியக்கம், 1914 இல் தோன்றிய தேசியக் கட்சி, 1925 இல் கிடைத்த அரசகரும மொழித் தகுதி, 1948 இல் அக்கட்சி அரசாங்கம் அமைத்தமை ஆகியன அவ்வரலாற்றின் படிகள். 1976 யூன் 16 ஆம் திகதி சொவெற்றோவில் கறுப்பின மாணவர்கள் வீதியில் இறங்கியதற்கு உடனடிக் காரணம், ஆபிரிக்கான்ஸ் அவர்கள்மீது போதனாமொழியாகத் திணிக்கப்பட்டமையே. அன்றிலிருந்து உலகின் முற்போக்காளர் மனத்தில் ஆபிரிக்கான்ஸ் என்ற பெயர் நிறவொதுக்கலின் மறுபெயராக நிலைத்துவிட்டது.

இத்தகையதொரு மொழியில், நிறவொதுக்கல் ஆட்சியின் இறுதிப் பத்தாண்டில் எழுதத் தொடங்கிய ஒரு பெண் நாடகாசிரியையை எவ்வாறு மதிப்பிடுவது? அவருடைய நாடகங்களிற் சுலோகங்கள் இல்லை; பொலிஸ் அடக்குமுறையும் தொழிலாளர் போராட்டமும் நேரடியாக இடம்பெறுவதில்லை. ஆவிகளும் கனவுகளும் மாயமான நிகழ்ச்சிகளுமே அவற்றில் நிறைந்துள்ளன. ஆயினும் தான் பிறந்த சமூகத்தின் நிலவுடைமைக் கருத்தியலை உள்ளிருந்தே தகர்த்தவர்களுள் றீசா டி வெற் முக்கியமானவர் என்பதை நிறுவுவதும், அவரது எல்லைகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

டி வெற் 1952 மே 11 ஆம் திகதி ஒறேஞ்ச் சுதந்திர நாட்டு மாகாணத்திலுள்ள செனெக்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இம்மாகாணம் அவரது நாடகங்களின் களமாகவும் ஒருவகையிற் கருப்பொருளாகவும் அமைவதால் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இது 19ஆம் நூற்றாண்டில் போயர் குடியேறிகள் அமைத்த குடியரசுகளுள் ஒன்று. 1899 முதல் 1902 வரை பிரித்தானிய ஏகாதிபத்தியம் இக்குடியரசுகளின்மீது நடத்திய போரில், தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்களும் சிறுவருமாக ஏறத்தாழ 26,000 பேர் மாண்டனர். இத்துயரமே பிற்காலத்து ஆபிரிக்கானர் தேசியவாதத்தின் உணர்ச்சி மூலதனமாயிற்று. அதே போரில் தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பினத்தவரும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களுக்கு அக்காலத்தில் எவரும் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. 1913 ஆம் ஆண்டின் சுதேசிகள் காணிச் சட்டம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 வீதத்தை மட்டுமே கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது. 1936 இன் சட்டம் அதனை ஏறத்தாழ 13 வீதமாக உயர்த்துவதாகக் கூறியது. சுதந்திர நாட்டு மாகாணத்தில் விளைச்சலைப் பங்கிட்டு வாழ்ந்த கறுப்பினக் குடியானவர்கள் 1913 இன் பின் மந்தைகளோடு வீதிக்குத் துரத்தப்பட்ட காட்சியைச் சொல் பிளாச்சி 1916 இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். வெள்ளையரின் பண்ணைக்குக் கூலியுழைப்பும் சுரங்கத்திற்கு மலிவான தொழிலாளரும் தேவைப்பட்டமையே இச்சட்டத்தின் பொருளாதார அடிப்படை.

இவ்வாறு பறிக்கப்பட்ட நிலத்தைப் புனிதப்படுத்தும் பணியை இலக்கியம் ஏற்றுக்கொண்டது. 1930களில் செழித்த ‘பண்ணை நாவல்’ என்னும் வகை அதற்குச் சான்று. சீ. எம். வான் டென் ஹேவரின் ‘சோமர்’ (1935) போன்ற ஆக்கங்களில் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் தெய்வீக உரிமையாகக் காட்டப்படுகின்றது. பண்ணையாரும் மண்ணும் கடவுளும் ஒரே ஒழுங்கிற் பிணைக்கப்படுகின்றனர். அந்நிலத்தை உழுது அறுவடை செய்த கறுப்பினக் கைகள் அதிற் பெரும்பாலும் தென்படுவதில்லை. தென்னாபிரிக்க வெள்ளையரின் எழுத்தைப் பற்றி ஜே. எம். கூற்சி 1988 இல் வெளியிட்ட ஆய்வு நூல் இம்மௌனத்தை விரிவாக எடுத்துக்காட்டியது. இத்தகைய நாவல்கள் பெருகிய காலம் பண்ணைகள் அழிந்துகொண்டிருந்த காலமும் ஆகும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1932 இல் வெளிவந்த கார்னெகி ஆணைக்குழுவின் அறிக்கை, ஏறத்தாழ 300,000 வெள்ளையர் கடும் வறுமையில் வாழ்ந்தனர் என மதிப்பிட்டது. வரட்சியாலும் கடனாலும் நிலமிழந்தோர் நகரத் தொழிற்சாலைகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையிலேதான் பண்ணை நித்தியமானது என்ற புனைவு உச்சம்பெற்றது.

3

டி வெற் நாடகக்கலை பயின்று, நடிகையாகப் பணியாற்றி, பின்னர் கிரஹாம்ஸ்ரவுணிலுள்ள றோட்ஸ் பல்கலைக்கழக நாடகத்துறையில் விரிவுரையாளராயிருந்தவர். எழுத்துக்கு அவர் வந்தது முப்பது வயதைத் தாண்டிய பின்னரே. அவருடைய முதல் நாடகமான ‘டீப்ப க்றொண்ட்’ (ஆழ்ந்த நிலம்) 1985 இல் மேடையேறிப் பின்னர் ஜோஹன்னஸ்பேர்க்கின் மார்க்கெற் அரங்கில் அளிக்கை செய்யப்பட்டது. 1985 யூலையில் பல மாவட்டங்களிலும் 1986 யூனில் நாடு முழுவதிலும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்ட காலம் அது.

நாடகம் ஒரு பாழடைந்த பண்ணைவீட்டில் நிகழ்கின்றது. சூக்கி, ஃப்ரிக்கி என்னும் சகோதரர் இருவர், வயதால் வளர்ந்தும் சிறுவராகவே நடந்துகொள்வோர், தம்மை வளர்த்த கறுப்பினத் தாதியான அலீனாவுடன் அங்கு வாழ்கின்றனர். கண்டிப்பான கல்வினிச சமயப் பற்றுடைய பெற்றோரை அவர்கள் கொன்றுவிட்டனர் என்பது படிப்படியாகத் தெரியவருகின்றது. பெற்றோர் போலப் பேசி, வேதம் வாசித்து, சவுக்கடி கொடுத்து, தமது குழந்தைப்பருவத்தை அவர்கள் மீளமீள நடித்துக்காட்டுகின்றனர். தகாத உறவும் இந்த ஆட்டத்தின் ஒரு பகுதியாகின்றது. பண்ணையின் நிலைமையை ஆராய நகரத்திலிருந்து வரும் க்ரொவே என்னும் சட்டத்தரணி இறுதியில் அவர்களது கையால் மடிகின்றார்.

இந்நாடகத்தின் கூர்மையை முழுமையாக உணர்வதற்கு அல்பா பௌவர் என்னும் எழுத்தாளர் 1955 இல் வெளியிட்ட ‘ஸ்டோரீஸ் வான் றிவியர்பிளாஸ்’ (ஆற்றுப் பண்ணைக் கதைகள்) என்ற சிறுவர் நூலை அறிந்திருத்தல் வேண்டும். சுதந்திர நாட்டுப் பண்ணையொன்றில் அலீ என்னும் சிறுமி தன் பெற்றோரோடும் அன்பான கறுப்பினத் தாதியோடும் கழிக்கும் இன்ப நாள்களை அந்நூல் கூறுகின்றது. ஒரு தலைமுறை ஆபிரிக்கானச் சிறார்கள் அதனை வாசித்தே வளர்ந்தனர். டி வெற் அவ்வுலகையே எடுத்துக்கொண்டார். அதே பண்ணை, அதே வேதவாசிப்பு, அதே தாதி. ஆனால் அச்சிறுவர் வளர மறுத்தால் என்னவாகும் என்ற ஒரு வினாவை அதனுள் இட்டதும் இனிய கதை கொடுங்கனவாக மாறிவிடுகின்றது. பார்வையாளர் தம் குழந்தைப்பருவ நூலையே மேடையில் அழுகிய நிலையிற் கண்டனர். வெளியார் ஒருவர் இச்சமூகத்தைக் கண்டித்திருந்தால் அவர்கள் எளிதில் மறுத்திருப்பர். தாம் நேசித்த கதையே தம்மைக் காட்டிக்கொடுக்கும்போது மறுப்பது அத்துணை எளிதன்று.

பண்ணை நாவலின் மையக் கருத்து மரபுரிமை. தந்தை இறக்க மகன் நிலத்தை ஏற்பான் என்பது அதன் அச்சாணி. ‘டீப்ப க்றொண்ட்’ நாடகத்தில் வாரிசுகள் தந்தையைக் கொன்று நிலத்தைப் பெறுகின்றனர். ஆனால் எதனையும் விளைவிப்பதில்லை. உடைமை மட்டும் எஞ்சி உற்பத்தி அற்றுப்போன ஒரு வர்க்கத்தின் படிமமாக இதனைக் கொள்ளலாம். அவர்களை உயிரோடு வைத்திருப்பது அலீனாவின் உழைப்பே. பண்ணை நாவல் மறைத்த உழைப்பாளி இங்கு மேடையில், கண்முன்னே, அனைத்தையும் அறிந்தவளாக நிற்கின்றாள்.

இதனைத் தொடர்ந்து எழுதிய ‘ஒப் டீஸ் ஆர்ட’ (இப்பூமியில்), ‘நாக், கெனெராால்’ (நல்லிரவு, தளபதி) ஆகியவற்றுடன் இது 1991 இல் ‘சுதந்திர நாட்டு முந்நாடகம்’ எனத் தொகுக்கப்பட்டது. மூன்றாவது நாடகம் போயர் போரைக் களமாகக் கொண்டது. தேசியவாதம் வீரகாவியமாக்கிய போரை, தோல்வியும் உடலின் சிதைவும் நிறைந்ததொன்றாக அது காட்டியது.

4

1993 இல் வெளிவந்த ‘ட்ரிட்ஸ்’ என்னும் தொகுதியில் ‘மிஸ்’, ‘மிராக்கெல்’, ‘ட்ரிஃப்’ என்னும் மூன்று நாடகங்கள் உள்ளன. இவை வறிய வெள்ளையரின் உலகிற்கு எம்மை இட்டுச்செல்கின்றன. வரட்சிக்கால ஊர்களிற் சமய நாடகம் ஆடி வயிறு வளர்க்கும் நாடோடி நாடகக் குழுவொன்றினை ‘மிராக்கெல்’ சித்திரிக்கின்றது. 1920களிலும் 1930களிலும் ஊரூராகச் சென்ற இத்தகைய குழுக்களே ஆபிரிக்கான்ஸ் அரங்கிற்கு அடித்தளமிட்டவை.

இவற்றுள் ‘மிஸ்’ தனித்து நோக்கத்தக்கது. ஆபிரிக்கான்ஸ் மொழியில் இச்சொல்லுக்கு மூடுபனி, சாணவெரு, திருப்பலிப் பூசை, இழப்பு எனப் பல பொருள்கள் உண்டு. நாடகம் அனைத்தையும் பயன்படுத்துகின்றது. ஒரு தாயும் மகளும் அயலிலுள்ள மணமாகாத பெண்ணும் எரு நிரப்புவதற்கான சாக்குகளைத் தைத்துப் பிழைக்கின்றனர். வீட்டின் தந்தையோ பரணில் ஏறிக்கொண்டு இறங்கிவர மறுத்துவிட்டார். அவருக்கு உணவு கூடையில் மேலே அனுப்பப்படுகின்றது. ஊருக்குச் சர்க்கஸ் வரும் காலத்தில் இளம்பெண்கள் காணாமற் போகின்றனர். அன்றிரவு அவர்களைக் காவல்காக்கக் கண்தெரியாத பொலிஸ்காரன் ஒருவன் வருகின்றான். நாடகம் முடியும்போது மகளும் போய்விடுகின்றாள். அவளுடைய பெயர் ‘மெய்சீ’. ‘பெண்பிள்ளை’ என்பதே அதன் பொருள். தனக்கெனப் பெயர்கூட இல்லாத ஒருத்தி அவள்.

குடும்பத் தலைவர் என்னும் தந்தை பரணில் ஒளிந்திருந்து உண்கின்றார். கீழே பெண்கள் எருச்சாக்குத் தைத்து அவரைப் பேணுகின்றனர். தந்தையாதிக்கத்தின் பொருளாதாரத்தை விளக்க இதனைவிடத் தெளிவான மேடைப்படிமம் தேவையில்லை. அப்பெண்ணை அழைத்துச் செல்லும் சக்தி விடுதலையா, அழிவா என்பதை நாடகம் தீர்த்துக் கூறுவதில்லை. அவ்வீட்டில் இருப்பதும் ஒருவகைச் சாவே என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஆயினும் வரலாற்றில் இத்தகைய பெண்களுக்கு வேறொரு வாயிலும் திறந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1930களில் பண்ணைகளிலிருந்து ஜோஹன்னஸ்பேர்க்கிற்கு வந்த ஆயிரக்கணக்கான ஆபிரிக்கானப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர். சொலி சாக்ஸ் செயலாளராயிருந்த ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் அவர்கள் அணிதிரண்டனர். அச்சங்கத்தின் முன்னணியில் நின்ற ஜொஹன்னா, ஹெஸ்ரர் கோர்ணேலியஸ் சகோதரிகள் பண்ணையிலிருந்து வந்தவர்களே. ஹெஸ்ரர் ‘டீ ஒஃபர்ஹாண்ட’ (பலி) என்னும் நாடகத்தை ஆபிரிக்கான்ஸ் மொழியில் எழுதினார். தொழிலாளப் பெண்களே தமக்காக எழுதி நடித்த இவ்வரங்கை ஆபிரிக்கான்ஸ் இலக்கிய வரலாற்றாசிரியர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

கோர்ணேலியஸின் அரங்கையும் டி வெற்றின் அரங்கையும் அருகருகே வைத்து நோக்கின், ஒன்று வாயிலைத் திறந்து வெளியேறியவர்களின் அரங்கு. மற்றது வீட்டினுள் அடைபட்டிருந்தோரின் அரங்கு. முன்னதில் வர்க்க உணர்வும் கூட்டுச் செயலும் உள்ளன. பின்னதில் அவை இல்லை. ஆனால் வெளியேற முடியாத மனநிலை எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது என்ற நுணுக்கம் உள்ளது. 1948 இல் ஆபிரிக்கானத் தொழிலாளருட் பெரும்பாலோர் தம் வர்க்கத்தை விட்டு இனத்தின் பக்கம் ஏன் நின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள நமக்கு இரண்டாவது அரங்கும் தேவைப்படுகின்றது.

5

டி வெற் தம்மை அரசியல் நாடகாசிரியராகக் கருதியவரல்லர். அவர் எழுதத் தொடங்கியபோது தென்னாபிரிக்க அரங்கில் மேலோங்கி நின்றது எதிர்ப்பு நாடகமே. ‘வோசா அல்பேர்ட்’ (1981), ‘அசினமாலி’ போன்ற நாடகங்கள் வெற்று மேடையில், நடிகரின் உடலையும் குரலையும் மட்டுமே கொண்டு ஆட்சியை எதிர்த்தன. பண்பாடு போராட்டத்தின் ஆயுதம் என்பது விடுதலை இயக்கத்தின் ஏற்கப்பட்ட கோட்பாடாயிருந்தது. அந்நிலையில் பேயும் கனவும் நிறைந்த நாடகங்கள் தப்பியோடும் இலக்கியமாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் இவ்வினா விடுதலை இயக்கத்தின் உள்ளிருந்தே எழுந்தது. அரசியற் காட்சிகளின் பகட்டைவிட அன்றாட வாழ்வின் உள்ளியக்கத்தை நோக்குமாறு ந்ஜபுலோ ந்டெபெலே 1984 இல் எழுத்தாளரை வேண்டினார். பண்பாட்டை ஆயுதமென்று கூறுவதைச் சிறிது காலத்திற்கேனும் நிறுத்திவைக்க வேண்டுமென ஆபிரிக்க தேசிய காங்கிரசைச் சேர்ந்த அல்பி சாக்ஸ் 1989 இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். முன்னர்க் குறிப்பிட்ட சொலி சாக்ஸின் மகன் இவர். நிறவொதுக்கல் அரசின் குண்டுவெடிப்பில் 1988 இல் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். போராட்டத்திற்குத் தம் உடலையே கொடுத்த ஒருவரின் கூற்றை, போராட்டத்திற் பங்குகொள்ளாதாரின் சாக்குப்போக்கு எனத் தள்ளிவிட இயலாது.

மார்க்சிய விமர்சனத்திற்கு இது புதிய பிரச்சினையன்று. எங்கெல்ஸ் 1888 இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில், முடியாட்சி ஆதரவாளரான பல்சாக் தாம் அனுதாபங்கொண்ட பிரபு வர்க்கத்தின் வீழ்ச்சியையே தவிர்க்கமுடியாததாகச் சித்திரித்தமையை யதார்த்தவாதத்தின் வெற்றியாகப் போற்றினார். எழுத்தாளரின் பிரகடனத்தை விட ஆக்கத்தின் உண்மை முதன்மையானது என்பதே அதன் சாரம். டி வெற்றின் பாணி பல்சாக்கின் பாணியன்று. யதார்த்தவாதத்திற்கு அது நேர்மாறானது. ஆயின் தன் இருப்பின் அடிப்படையையே ஒப்புக்கொள்ள இயலாத ஒரு சமூகத்தின் உண்மை, கனவின் வடிவிலன்றி வேறெவ்வாறு வெளிப்படும்? நிலம் எவ்வாறு வந்தது என்பதைப் பேசாத வீட்டில் பேசப்படாதது பேயாகத் திரும்பிவருகின்றது. அவ்வகையில் டி வெற்றின் பேய்களுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. வடிவத்தை மட்டும் கண்டு முற்போக்கு, பிற்போக்கு என முத்திரையிடும் விமர்சனம் இவ்விடத்திலேதான் தவறுகின்றது.

6

1994 இல் தென்னாபிரிக்காவில் அனைவருக்கும் வாக்குரிமையுள்ள முதற்றேர்தல் நடைபெற்றது. அதே ஆண்டிலேயே டி வெற்றின் இரு முந்நாடகத் தொகுதிகளுக்கும் ஆபிரிக்கான்ஸ் இலக்கியத்தின் உயர்ந்த விருதான ஹேர்ட்சொக் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசுக்குப் பெயர்தந்த ஜே. பி. எம். ஹேர்ட்சொக் சுதந்திர நாட்டைச் சேர்ந்த போயர் தளபதி. தேசியக் கட்சியின் தாபகர். 1936 இன் காணிச் சட்டம் நிறைவேறியபோது பிரதமராயிருந்தவர். அவருடைய தளபதிகளின் போரையும் அவருடைய பண்ணையாரின் வீட்டையும் இடிபாடாகக் காட்டிய நாடகங்கள் அவருடைய பெயராலேயே கௌரவிக்கப்பட்டன. இதனை ஒரு நிறுவனத்தின் தாராளத்தன்மையாகவும் கொள்ளலாம். ஆட்சி கைமாறும் வேளையில் ஒரு வர்க்கம் தன் பழைய புனைவைக் கைவிட ஆயத்தமான அறிகுறியாகவும் கொள்ளலாம். புனைவைக் கைவிடுவது நிலத்தைக் கைவிடுவதைவிட எளிது.

1996 இல் அவர் எழுதிய ‘ட்ரீ சஸ்டர்ஸ் ட்வீ’ (மூன்று சகோதரிகள் இரண்டு) செக்கோவின் புகழ்பெற்ற நாடகத்தைத் தொடர்கின்றது. செக்கோவின் சகோதரிகள் மொஸ்கோவிற்குச் செல்லக் கனவுகண்டு சிற்றூரிலேயே தேங்கியவர்கள். டி வெற் அவர்களை 1920 இல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், செஞ்சேனை நெருங்கிவரும் வேளையில் மீண்டும் சந்திக்கின்றார். ஆட்சியை இழந்த ஆபிரிக்கானப் பார்வையாளருக்கு இதன் உட்பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இந்நாடகத்திற்கு 1997 இல் அவர் இரண்டாம் முறையாக ஹேர்ட்சொக் பரிசு பெற்றார். பின்னர் ‘வான்யா மாமா’, ‘கடற்புறா’ ஆகியவற்றைத் தொடர்ந்து ஆங்கிலத்தில் எழுதி ஒரு ரஷ்ய முந்நாடகத்தை நிறைவுசெய்தார்.

வெளியேறும் வர்க்கத்தின் மனத்துயரை அனுதாபத்தோடு காட்டும் இந்நாடகம், செஞ்சேனையில் வருவோர் யார், அவர்கள் ஏன் வருகின்றனர் என்பதிற் கவனஞ் செலுத்துவதில்லை. வீட்டினுள்ளிருந்து பார்ப்போருக்கு வெளியே கேட்கும் ஓசை மட்டுமே புரட்சி. டி வெற்றின் எல்லை இங்கு தெளிவாகின்றது. ‘டீப்ப க்றொண்ட்’ நாடகத்திலும் இதே எல்லை உண்டு. அலீனா அனைத்தையும் காண்கின்றாள், வெள்ளையரைப் பேணுகின்றாள். ஆனால் அவளுக்கென ஒரு குடும்பமோ, இழந்த நிலமோ, கோபமோ இருந்ததா என்பதை நாம் அறிவதில்லை. பண்ணை நாவல் அவளை மறைத்தது. டி வெற் அவளை மேடைக்குக் கொணர்ந்தார். அவள் வரலாற்றைப் பேசவைக்கவில்லை. அது அவருடைய வர்க்கத்திலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவரால் பேசக்கூடியதுதானா என்பது வேறு வினா.

7

றீசா டி வெற் 2012 சனவரி 27 ஆம் திகதி காலமானார். அவர் விட்டுச்சென்ற நாடகங்களின் பெறுமதியைக் கணிக்க, அவை எழுந்த நிலத்தையே மீண்டும் நோக்குதல் தகும். 2017 இன் தென்னாபிரிக்க அரசாங்கக் காணிக் கணக்காய்வின்படி, தனிநபர் உடைமையாயிருந்த பண்ணை நிலத்தில் நூற்றுக்கு 72 வீதம் வெள்ளையரிடமே இருந்தது. சட்டத்தில் நிறவொதுக்கல் முடிந்தது, காணியில் முடியவில்லை. மொழியிலோ நிலைமை வேறுவிதமாகத் திரும்பியுள்ளது. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிற் பதிவான ஏறத்தாழ 68 இலட்சம் ஆபிரிக்கான்ஸ் பேசுவோருள் வெள்ளையர் பாதிக்கும் குறைவானவர்களே. அடிமைகளின் வழித்தோன்றல்களும் அவர்தம் அயலவரும் அம்மொழியின் பெரும்பான்மையினர். அடுக்களையிற் பிறந்த மொழி தன் முதற் பேசுநரிடம் மீண்டுகொண்டிருக்கின்றது எனலாம்.

ஆகவே டி வெற்றை இரு முனைகளில் நின்றும் மதிப்பிடுதல் அவசியம். தன் வர்க்கத்தின் இனிய பொய்யை, அதற்கே உரிய கதைகளைக் கொண்டு அவர் பொய்ப்பித்தார். எதிர்ப்பு நாடகங்கள் சென்றடைய முடியாத வீடுகளின் கதவுகளுக்குள் அவருடைய நாடகங்கள் நுழைந்தன. இஃது ஒரு முற்போக்கான பணியே. அவர் அவ்வாறு பெயரிட மறுத்தாலும் அது முற்போக்கான பணியே. அவருடைய மேடையில் நிறைவுபெறாத பணி அலீனாவின் பக்கத்தில் உள்ளது. அப்பண்ணையின் கதையை அவளுடைய வாயிலிருந்து, அதே மொழியில் எழுதப்போவோர், டி வெற் இடித்துவைத்த வீட்டின்மீது நின்றே எழுதுவர்.